பொய்யே பேசும் ராஜா!

பல்லாவரத்திலிருந்து மேற்கே திரும்பினால் பம்மல். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட ஊர். பேரைக் கேட்டதும் பலருக்கு 2002-ல் வந்த கமலின் ‘பம்மல் கே. சம்பந்தம்’தான் ஞாபகம் வரும். நிஜத்திலும் ஒரு பம்மல் சம்பந்தம் இருந்தார். அவரும் சிரிக்க வைப்பதில் லேசுப்பட்ட ஆளில்லை!

அவரைப் பார்ப்பதற்கு முன் பாரிஸ் வரை ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்...

1858, அக்டோபர். ஆஃபன்பாக் என்கிற இசையமைப்பாளர் ஒரு காமெடி ஆபராவை மேடையேற்றினார். கிரேக்கப் புராணத்தில் ஆர்ஃபியஸ், செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாள லோகத்துக்கே போன உத்தமன். நம்ம சாவித்திரி கதையின் ஆண் வடிவம்! ஆஃபன்பாக்கின் ஆர்ஃபியஸோ, தொல்லை விட்டது என்று குஷியாகிறான். ‘பொதுஜன அபிப்பிராயம்’ என்றே ஒரு பாத்திரம் வந்து மிரட்டிய பிறகுதான் வேண்டாவெறுப்பாகக் கிளம்புகிறான். மேலோகத்தில், தினமும் அமிர்தமே சாப்பிட்டு நாக்கு செத்துப்போன தேவர்கள் ஜூபிடருக்கு எதிராகக் கொடி பிடிக்கிறார்கள்! ‘புனிதம் போச்சு’ என்று ஒரு பெரிய விமர்சகர் பத்திரிகையில் பொங்கினார். விளைவு? டிக்கெட் பிய்த்துக்கொண்டு போனது. 228 காட்சிகள்!

இப்போது சென்னைக்குத் திரும்புவோம். 1891-ல் நண்பர்களோடு சுகுண விலாச சபையை ஆரம்பித்தபோது சம்பந்த முதலியாருக்கு வயது 18. பிறகு வக்கீல், அதற்கப்புறம் ஜட்ஜ். ‘கூத்தாடி’ என்று ஊர் இளக்காரமாகப் பேசிய காலத்தில், படித்த மனிதர்களை அரிதாரம் பூச வைத்தவர். அவர் ஹரிச்சந்திரன் கதையைப் பயபக்தியோடு நாடகமாக எழுதினார். கூடவே, அந்தப் பேரையே திருப்பிப் போட்டு ‘சந்திரஹரி’ என்றும் ஒன்று எழுதினார். அங்கே பொய்யே பேசாத ராஜா. இங்கே உண்மையே பேசாத ராஜா! 1941-ல் அது என்.எஸ். கிருஷ்ணன், மதுரம் நடிப்பில் சினிமாவாகவும் வந்தது.

யோசித்துப் பாருங்கள்... சின்ன வயதில் பார்த்த ஹரிச்சந்திரன் நாடகம் தன்னை எப்படிப் பிடித்து ஆட்டியது என்று காந்தியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட கதை அது. அதைப் போய் ஒருத்தர் கிண்டல் செய்கிறார், ஜனங்களும் சிரிக்கிறார்கள்!

கலைவாணர் இன்னும் ஒரு படி மேலே போனார். சிதம்பரம் போகத் துடித்த நந்தனாரை வைத்து ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார். 1949-ல் ‘நல்ல தம்பி’ படத்திலும் அது இடம்பெற்றது. சேரியில் பிறந்த கிந்தன் போக ஆசைப்பட்டது கோயிலுக்கல்ல, படிப்பதற்குப் பட்டணத்துக்கு! சிரிப்போடு சிரிப்பாக, சாட்டையடி.

இந்த மாதிரிக் கேலிக்கு ரெண்டு விஷயம் வேண்டும். எழுதுகிறவனுக்கு மூலக்கதை மேல் உள்ளூரப் பிரியம் இருக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு அந்தக் கதை தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு எதற்கெடுத்தாலும் சட்டென்று மனம் புண்பட்டு விடுகிறது. ஆனால், எந்தக் கதைக்காகப் புண்படுகிறோமோ, அந்தக் கதை நமக்கு முழுசாகத் தெரியுமா என்று கேட்டால் பதில் இல்லை.

மயான காண்டத்தில் அழத் தெரிந்தவனுக்குத்தான் சாமி, சந்திரஹரியைப் பார்த்துச் சிரிக்க வரும்!