இரண்டு படிகளில் ஒரு விண்ணப்பம்: கிழக்கு ஹான் அரசுரிமையும் சிறுவர் தேர்வும்

கிழக்கு ஹான் காலத்து அறிஞர் சாய் யோங் அரசவை நடைமுறைகளைத் தொகுத்து வைத்த நூலில் ஒரு காட்சி வருகிறது. பேரரசர் சிறுவராக இருக்க, தாய்ப்பேரரசி ஆட்சியை நடத்தும் காலம். அவர் முன்மண்டபத்தில் கிழக்கு நோக்கி அமர்கிறார். பிள்ளை மேற்கு நோக்கி அமர்கிறது. அமைச்சர்கள் எந்த விண்ணப்பத்தையும் இரண்டு படிகள் எழுதிக் கொண்டுவர வேண்டும்: ஒன்று தாய்ப்பேரரசிக்கு, இன்னொன்று பிள்ளைக்கு. பேச்சு வராத குழந்தையாக இருந்தாலும் விதிப்படி அதன் பெயருக்கு ஒரு படி உண்டு.

எப்போதோ ஒருமுறை நேரும் நெருக்கடிக்கு யாரும் இத்தனை நுணுக்கமாக விதி வகுப்பதில்லை. தலைநகர் லுவோயாங்கின் அரசவைக்குப் பிள்ளையரசர்கள் பழகிப்போயிருந்தார்கள் என்பதற்கு இதுவே முதல் சான்று.

அந்த வம்சத்தின் முதல் மூவர் குவாங்வு, மிங், ஜாங். மூவரும் வளர்ந்த பின்பே முடிசூடியவர்கள். கி.பி. 88இல் ஜாங் இறந்ததும் நிலைமை மாறுகிறது. பிறந்தவுடனே ஒரு வயது என்று எண்ணும் சீன வழக்கப்படி நூல்கள் தரும் முடிசூட்டு வயதுகள் இவை: ஹெ 10, ஆன் 13, ஷுன் 11, சோங் 2, ஜி 8, ஹுவான் 15, லிங் 12, சியான் 9. இடையில் 106இல் முடிசூடிய ஷாங், பிறந்து நூறு நாள் சற்றே கடந்த கைக்குழந்தை. 189இல் சில மாதமே அரியணையில் இருந்த ஷாவின் வயதில் மட்டும் நூல்கள் முரண்படுகின்றன. வயது தெரிந்த மற்ற எவரும் பதினைந்தைத் தாண்டவில்லை.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் அகால மரணம். தந்தை இளமையில் இறந்தால் மகன் சிறுவனாகத்தானே இருப்பான்? ஹெ விஷயத்தில் இது சரி. ஆனால் வளர்ந்தவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவரைத் தாண்டிப் பிள்ளையைத் தூக்கிவந்த தருணங்களை இந்தக் காரணம் விளக்குவதில்லை. அத்தகைய தருணங்களில்தான் தேர்வின் தர்க்கம் வெளிப்படுகிறது.

106இல் ஹெ இறந்தபோது அவருக்கு லியூ ஷெங் என்ற மூத்த மகன் இருந்தார். தீராத நோயாளி என்று சொல்லி அவரை ஒதுக்கிவிட்டு, பேரரசி டெங் சுயி கைக்குழந்தையை அரியணையில் வைத்தார். சில மாதங்களில் குழந்தை இறந்தது. அப்போதும் லியூ ஷெங்கை அழைக்கவில்லை. ஹெயின் அண்ணன் மகனான 13 வயதுச் சிறுவனை ஹெக்குப் பிள்ளையாக்கி, ஆன் என்று முடிசூட்டினார்கள். இந்தத் தத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. இறந்த மன்னருக்கு ஒருவர் மகனாகிவிட்டால் மன்னரின் விதவை அவருக்குத் தாயாகிவிடுவார், பெற்றவள் யாராக இருந்தாலும்.

145இல் சோங் இறந்தபோது மூத்த அமைச்சர் லி கு வெளிப்படையாகவே வாதாடினார். சிங்ஹே சிற்றரசர் லியூ சுவான் வளர்ந்தவர், மதிப்புமிக்கவர். அவரை அழையுங்கள் என்றார். தாய்ப்பேரரசி லியாங்கின் அண்ணனும் படைத்தலைவருமான லியாங் ஜி அதை மறுத்து 8 வயது ஜியைக் கொண்டுவந்தார். அந்தப் பிள்ளைக்குக் கூர்மையான புத்தி. ஒருநாள் அவையில் லியாங் ஜியைப் பார்த்து, அடங்காத படைத்தலைவர் என்ற பொருள்படச் சொல்லிவிட்டான். 146இல் வேகவைத்த மாவுப் பண்டத்தில் நஞ்சு கலந்து அவனுக்குக் கொடுக்கப்பட்டது. வயிறு அடைக்கிறது, தண்ணீர் கிடைத்தால் பிழைப்பேன் என்று பிள்ளை லி குவிடம் கேட்டான். பக்கத்தில் நின்ற லியாங் ஜி, வாந்தி வரும், தண்ணீர் கூடாது என்று தடுத்தார். பேச்சு முடிவதற்குள் உயிர் போய்விட்டது. லி கு மறுபடியும் லியூ சுவானின் பெயரைச் சொன்னார். லியாங் ஜி தன் தங்கைக்குப் பேசி வைத்திருந்த 15 வயது மாப்பிள்ளையைத் தேர்ந்தார். அவரே ஹுவான். அடுத்த ஆண்டு லியூ சுவான் சதிக் குற்றம் சுமத்தப்பட்டுத் தற்கொலை செய்துகொண்டார். லி கு சிறையில் மாண்டார்.

ஐந்தாம் நூற்றாண்டில் இந்த வம்சத்தின் வரலாற்றை எழுதிய ஃபான் யே இந்தப் போக்கைக் கவனித்தவர். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பேரரசர்கள் நால்வர், அவையேறி ஆண்ட அரசிகள் அறுவர் என்று கணக்குச் சொன்ன அவர், ஆட்சியை நீட்டித்துக்கொள்ளவே குழந்தைகளை விரும்பினார்கள் என்றும் எழுதினார். அவர் கண்டது உண்மை. பழியைப் பெண்களின் பேராசைமேல் போட்டதுதான் பொருந்தவில்லை. 145இலும் 146இலும் காயை நகர்த்தியவர் லியாங் ஜி என்ற ஆண். 189இல் ஷாவை இறக்கிவிட்டு 9 வயது சியானை ஏற்றிய டோங் ஜுவோ எந்த அரசிக்கும் உறவில்லாத படைத்தலைவர். தம்பியே திறமைசாலி என்று அவர் காரணம் சொன்னார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையும் தேர்வால் வரும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கை யாருடையதாக இருந்தாலும் சிறுவனையே நாடியது.

டெங் சுயியின் ஆட்சி இதற்கு நல்ல உரைகல். பதினைந்து ஆண்டுகள் அவர் ஆண்டார். அரண்மனைச் செலவைக் குறைத்தார், பஞ்ச காலத்தில் நிவாரணம் கொடுத்தார், அறிஞர் பான் ஜாவோவின் ஆலோசனையைக் கேட்டார். 119இல் அரச குடும்பத்திலிருந்து ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் பிள்ளைகள் நாற்பதுக்கும் அதிகமானோரையும், தம் சொந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் முப்பதுக்கும் அதிகமானோரையும் சேர்த்துப் படிக்க வைத்தார். பேராசைக்காரி என்ற ஒரு சொல்லில் அடங்குபவர் அல்லர். ஆனாலும் ஆன் வளர்ந்துவிட்டார், அவரே ஆளட்டும் என்று எழுதிய டு கென் என்ற அதிகாரிக்கு என்ன நேர்ந்தது? பட்டுப் பையில் போட்டு மண்டபத்திலேயே அடித்துக் கொல்லும்படி ஆணை. அடித்தவர்கள் கையைத் தளர்த்தினார்கள். மூன்று நாள் பிணம்போலக் கிடந்து, கண்ணில் புழு வைத்த நிலையில் தப்பி, மலைப்பக்கத்து மதுக்கடை ஒன்றில் கூலியாளாகப் பதினைந்து ஆண்டு ஒளிந்திருந்தார். நல்லாட்சி தந்தவராலும் பிள்ளையிடம் ஆட்சியைத் திருப்பித் தர முடியவில்லை.

பிள்ளை வளர்ந்து தன் அதிகாரத்தைத் தேடும்போது அவனுக்கு யார் துணை? அமைச்சர்களைத் தனியே பார்க்க வழியில்லை. காவலும் பெண் கொடுத்த வீட்டார் கையில். மிஞ்சுவோர் அரண்மனை அண்ணகர்கள் மட்டுமே. 92இல் ஹெ, அண்ணகர் ஜெங் ஜோங்கின் துணையோடு, தாய்ப்பேரரசியின் பிறந்த வீடான டோவ் குடும்பத்தை வீழ்த்தினார். 125இல் சுன் செங் தலைமையில் 19 அண்ணகர்கள் ஷுனை அரியணையில் ஏற்றி, அனைவரும் பிரபுக்கள் ஆனார்கள். 159இல் ஹுவான், கழிப்பறைக்குப் போகும் சாக்கில் அண்ணகர் டாங் ஹெங்கைத் தனியே கூப்பிட்டு, லியாங் வீட்டாரோடு ஒத்துப்போகாதவர் யார் யார் என்று விசாரித்தார். பிறகு ஷான் சாவ் என்ற அண்ணகரின் கையைக் கடித்து, வழிந்த இரத்தத்தின்மேல் சத்தியம் வாங்கினார். முன்னூறு கோடிக் காசுக்கு மேல் மதிப்புள்ள லியாங் ஜியின் சொத்து பறிமுதலானது. அந்த ஆண்டு நாட்டின் வரியில் பாதி தள்ளுபடியானது. பேரரசர் கழிப்பறையில்தான் மனம்விட்டுப் பேச முடிந்தது என்பது, அண்ணகர் ஆதிக்கத்தைப் பற்றிய எத்தனையோ ஒழுக்க விசாரணைகளைவிட அதிகம் விளக்குகிறது.

ஆட்சிப் பொறுப்பை அமைச்சரிடம் கொடுத்திருந்தால்? அதையும் ஹான் வம்சம் முன்பே பார்த்திருந்தது. கி.மு. 87இல் பேரரசர் வு, சிறுவயது மகனை ஹுவோ குவாங்கிடம் ஒப்படைத்தார். முன்கூட்டியே பிள்ளையின் தாயைச் சாகவும் வைத்தார். ஹுவோ குவாங் அரியணையைத் தனக்கென எடுத்துக்கொள்ளவில்லை. கி.பி. 6இல் இரண்டு வயது யிங்கை வாரிசாக அமர்த்திய வாங் மாங்கோ, 9இல் தானே பேரரசர் ஆனார். செவிலியர் அந்தப் பிள்ளையிடம் பேசக்கூடாது என்று உத்தரவு. நாலு சுவருக்குள் வளர்ந்த யிங்குக்கு, ஆளான பிறகும் ஆடு மாடுகளின் பெயர் சொல்லத் தெரியவில்லை.

தாயை அகற்றும் வழியைப் பின்னாளில் வட சீனாவை ஆண்ட வட வெய் அரசு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டது. 409இல் பேரரசர் டாவோவு, ஹான் வுவை முன்மாதிரி காட்டி, வாரிசின் தாயைக் கொன்றார். பின்வந்தோரும் தொடர்ந்தனர். ஆனால் தாயின் இடம் வெற்றிடமாக இருக்கவில்லை. பின்வந்த பேரரசர் டாய்வு தம்மை வளர்த்த செவிலிக்குத் தாய்ப்பேரரசிப் பட்டம் கொடுத்தார். பெற்ற தாய் கொல்லப்பட்ட பிள்ளைகளுக்குச் சடங்குமுறைத் தாயான தாய்ப்பேரரசி ஃபெங், 490இல் இறக்கும்வரை அதிகாரத்தின் மையமாக இருந்தார். வழக்கம் கைவிடப்பட்டதால் உயிர்பிழைத்த தாய்ப்பேரரசி ஹு, 515இல் முடிசூடிய தன் மகன் சியாவோமிங்குக்காக ஆண்டார். 528இல், அதிகாரம் கேட்கும் வயதுக்கு வந்திருந்த அந்த மகன் நஞ்சால் இறந்தார். பழி ஹுவின்மேல் விழுந்தது. மகனுக்குப் பிறந்திருந்த பெண்குழந்தையை ஆண் என்று அறிவித்து ஹு அரியணையில் வைத்தார். உடனேயே உண்மையை ஒப்புக்கொண்டு, அரச குடும்பத்திலிருந்து மூன்று வயதுப் பிள்ளை யுவான் ஜாவோவைத் தேர்ந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. படையோடு வந்த படைத்தலைவர் எர்ஜு ரோங், ஹுவையும் அந்தப் பிள்ளையையும் மஞ்சள் ஆற்றில் மூழ்கடித்தார். அதற்கு முன்பே அவர் தமக்கென ஒரு பேரரசரைத் தேர்ந்து வைத்திருந்தார்.