ஸ்டம்ப் பறக்கலாம், பேஸ் கழண்டா தப்பா?

நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர்ல ஸ்டம்ப் பிடுங்கிக்கிட்டுப் பறந்தா கைதட்டுறோம். பேஸ்பால், சாஃப்ட்பால்ல கதையே தலைகீழ். ஓடி வர்றவர் தொட வேண்டிய 'பேஸ்' அசையவே கூடாதுன்னு ரொம்ப காலம் பிடிவாதமா இருந்தாங்க.

1858 மாசசூசெட்ஸ் விதிப்படி பேஸ்னா தரைக்கு மேலே 4 அடி நீட்டிக்கிட்டு நிக்கிற மரக்கட்டை. நியூயார்க் ஆட்டத்துல மணலோ மரத்தூளோ அடைச்ச கேன்வாஸ் பை, அதுதான் நிலைச்சுது. பின்னாடி தரையில கான்கிரீட் போட்டு இரும்புக் குழாயைப் புதைச்சு, பேஸோட அடித்தண்டை அதுக்குள்ள சொருகுற முறை வந்துச்சு. உறுதிதான். ஆனா சறுக்கி வர்றவர் கால் மோதினா பேஸ் விட்டுக் கொடுக்காது, கணுக்கால்தான் விட்டுக் கொடுக்கும்!

மிச்சிகன்ல டேவிட் ஜாண்டா என்ற எலும்பு மருத்துவரும் கூட இருந்தவங்களும் இதை எண்ணியே பார்த்துட்டாங்க. 1988-ல் வெளியான ஆய்வு அது. அசையாத பேஸ் போட்ட 627 சாஃப்ட்பால் ஆட்டங்கள்ல சறுக்கும்போது பட்ட காயம் 45. மோதினா கழண்டுக்கிற பேஸ் போட்ட 633 ஆட்டங்கள்ல வெறும் 2! அடிப்பாகம் தரையோட தரையா புதைஞ்சிருக்கும், மேல்பாகம் ரப்பர் பிடிப்புல நிக்கும். அவ்ளோதான் நுட்பம்.

சேலம், நாமக்கல் பக்கம் செம்மண் தரை வெயில்ல காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். இங்கே மைதானத்துல பேஸ் பதிக்கிறவங்க ஆழத்தை மட்டும் பார்க்காதீங்க. மோதினா கழண்டு வருதான்னும் பார்த்துடுங்க சாமி!