பந்தியில் புழுங்கல் அரிசி எதற்கு? ஒரு பழைய கதை



போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்து, அண்டா கழுவிக்கொண்டு இருந்தபோது சமையலறையில் ஒரு வாக்குவாதம் வந்துவிட்டது. அடுத்த மாதத்தில் இருந்து புழுங்கல் அரிசியை நிறுத்திவிட்டு வெள்ளை அரிசி போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணமும் தப்பில்லை. புழுங்கல் விலை அதிகம். 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டு, ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 விழுக்காடு வரியும் போட்டபோது நாம் பட்ட பாடு யாருக்கும் மறக்கவில்லை. அதோடு சின்னப் பிள்ளைகள் அந்த வாடை பிடிக்காமல் இலையில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு தம்பி கேட்டார்: "எல்லாம் சோறுதானே அண்ணே, எதுவா இருந்தா என்ன?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்னாடியே, இதே மலாயா மண்ணில், உயிர்களை விலையாகக் கொடுத்து ஒரு பதில் கிடைத்திருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் சில வருடம் முன்பு வரை தெரியாது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பெரிபெரி என்று ஒரு நோய். இப்போது யாரும் பார்த்திருக்க மாட்டோம். முதலில் கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுபோகும். 1880, 1890களில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்த நோயால் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சிறைச்சாலை, ஆஸ்பத்திரி, பைத்தியக்கார விடுதி என்று எங்கே ஆட்களைச் சேர்த்து வைத்துச் சோறு போட்டார்களோ அங்கெல்லாம் இது வந்தது. கிருமி என்றார் ஒருவர், ஈரத் தரை என்றார் இன்னொருவர், கெட்ட காற்று என்றார் வேறொருவர்.

நம்ம பினாங்குப் பிள்ளை ஒருவருக்கும் இதில் பங்கு உண்டு. டாக்டர் வூ லியென் தே. 1879ல் இங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போய் டாக்டராகி வந்தவர். பின்னாளில் மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கியவர் என்று உலகத்துக்கே தெரியும். அவர் 1903ல் ஊர் திரும்பி கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தபோது, முதலில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று இந்த பெரிபெரிதான். அவர் காலத்தில் விடை கிடைக்கவில்லை. ஆனால் அதே கழகத்தில் இருந்துதான் பிறகு கிடைத்தது.

நெகிரி செம்பிலானில் பிரடன் என்று ஓர் அரசாங்க டாக்டர் இருந்தார். அவர் கவனித்த விஷயம் ரொம்ப எளிமையானது. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. சீனருக்கு பெரிபெரி வருகிறது. கம்பத்து மலாய்க்காரர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. தமிழர்களுக்கும் வருவதில்லை. அப்படியானால் என்ன வித்தியாசம்? சோறு. சீனர் சாப்பிட்டது சயாமில் இருந்து வந்த, மில்லில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திச் சாப்பிட்டார்கள், தவிடு முழுக்கப் போகாது. தமிழர்கள் சாப்பிட்டது ரங்கூனில் இருந்தும் வங்காளத்தில் இருந்தும் கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. 1907ல் பிரடன் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். அரிசியில் பூஞ்சை பிடித்து விஷம் ஏறுகிறது என்று அவர் நினைத்தார். அது தப்பு. ஆனால் கை காட்டிய இடம் சரி.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தோட்டத்துக்கு வந்த நம்ம முன்னோர்கள் புழுங்கல் சோறு சாப்பிட்டு நூறு வயசு வாழ்ந்தார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மலேரியா, வயிற்றுப்போக்கு, வெட்டாத காட்டை வெட்டியது என்று வந்த வேகத்தில் மண்ணுக்குள் போனவர்கள் ஏராளம். அதற்கெல்லாம் எந்தச் சோறும் மருந்து இல்லை. இந்த ஒரு நோய் மட்டும் அவர்களை அதிகம் தொடவில்லை, அவ்வளவுதான். அதுவும் ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. ஊரில் அம்மா அவித்த மாதிரி அரிசி வேண்டும் என்று கேட்டார்கள், வந்தது, சாப்பிட்டார்கள்.

பிரடன் சொல்வது உண்மையா என்று சோதித்தவர் டாக்டர் ஃப்ளெட்சர். இடம் கோலாலம்பூர் பைத்தியக்கார விடுதி. 1905ல் அங்கே பெரிபெரி வந்து நிறையப் பேர் செத்திருந்தார்கள். அந்த வருடக் கடைசியில் அவர் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் ஒரு பக்கம். ஒரு கூட்டத்துக்கு சயாம் வெள்ளை அரிசி, இன்னொரு கூட்டத்துக்குப் புழுங்கல். மற்ற சாப்பாடு எல்லாம் ஒன்றே. இடத்தில் கோளாறு என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்று நடுவில் இரண்டு கூட்டத்தையும் கட்டடம் மாற்றியும் வைத்தார். ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும். லைனில் பழுது வந்தால் ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்ற மாட்டோம். ஒன்றை மாற்றி, பார்த்து, அப்புறம்தான் அடுத்தது.

ஒரு வருடத்தில் வந்த கணக்கு இது. வெள்ளை அரிசி சாப்பிட்ட சுமார் 120 பேரில் முப்பது பேருக்கு மேல் பெரிபெரி, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட சுமார் 120 பேரில் பெரிபெரியால் ஒரு சாவு கூட இல்லை.

அந்த 18 பேரை யாரும் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார வைக்கவில்லை. வரிசையில் நின்றபோது எந்த எண் வந்ததோ அதுதான் விதி. இதை முதல் தடவை படித்த அன்று எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு 1907ல் ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு டாக்டர்கள், ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்து நெகிரி செம்பிலான் காட்டுக்குள் டுரியான் டிப்புஸ் என்ற இடத்துக்குப் போனார்கள். அங்கே ரோடு போட வந்த சுமார் 300 ஜாவாக்காரர்களை இரண்டாகப் பிரித்து அதே மாதிரி சோறு போட்டார்கள். சுமார் மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் தலை காட்டியது, உடனே அரிசியை மாற்றிவிட்டார்கள். நோய் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் இல்லை. கடைசியில் அவர்கள் சொன்னது: அரிசியில் விஷம் எதுவும் இல்லை. மில்லில் தீட்டும்போது ஏதோ ஒரு நல்ல சத்து தவிட்டோடு போய்விடுகிறது. 1910ல் மணிலாவில் கூடிய டாக்டர்கள் மாநாடும் தீட்டிய வெள்ளை அரிசிதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டது.

பத்தவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்ற டச்சு டாக்டர் இதைக் கோழிகளிடம் முன்பே பார்த்திருந்தார். அந்தக் கதை நம்ம சமையலறைக்குப் பொருத்தமானது. ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டதில் அவருடைய கோழிகளுக்குக் கால் விழுந்துவிட்டது. புதிதாக வந்த சமையல்காரர், பட்டாளத்துச் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் தீட்டாத மலிவு அரிசியைப் போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன! 1929ல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையல்காரருக்கு என்ன கிடைத்ததோ.

தவிட்டில் இருந்த அந்தச் சத்துதான் பிறகு வைட்டமின் பி1, தயமின் என்று பெயர் பெற்றது. 1926ல் அதே பத்தவியாவில் அதைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள்.

சரி, புழுங்கலில் மட்டும் அது எப்படித் தங்குகிறது? நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் அவித்து, காயவைத்து, அப்புறம்தான் குத்துகிறோம். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டில் இருக்கும் பி1 தண்ணீரோடு கரைந்து அரிசிமணிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் முழுக்கப் போகாது. கணக்கு வேண்டுமென்றால், வெறும் தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் 0.07 மில்லிகிராம், புழுங்கலில் சுமார் 0.2, தீட்டாத அரிசியில் சுமார் 0.4. ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1.2 மில்லிகிராம். நம்ம உடம்பு இதை அதிக நாள் சேர்த்து வைக்காது. சோற்றையே நம்பி வாழ்ந்தவனுக்கு இந்தச் சின்ன வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

"அப்படின்னா சாமிக்கு மட்டும் ஏன் பச்சரிசி?" என்று ஒரு அம்மா கேட்டார்கள். புழுங்கல் ஏற்கெனவே ஒரு முறை வெந்த பொருள், அதனால் நைவேத்தியத்துக்கு ஆகாது என்பது பெரியவர்கள் வைத்த முறை. அதை மாற்றச் சொல்ல நாங்கள் யார்? சர்க்கரைப் பொங்கல் பச்சரிசியில்தான் வேகும், வேகட்டும். அந்தக் காலத்துப் பச்சரிசி உரலில் குத்தியது, கொஞ்சம் தவிடு ஒட்டியே இருக்கும். இதே சென்னை மாகாணத்தில் வடக்கே தெலுங்கு மாவட்டங்களில் மில் பச்சரிசி சாப்பிட்ட இடங்களில் பெரிபெரி இருந்தது, புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் பெரும்பாலும் இல்லை. குன்னூரில் மெக்கரிசன் என்ற டாக்டர் 1920களில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

தமிழன் உடம்பே அப்படி என்று சிலர் பெருமை பேசுவார்கள். ஜப்பான்காரன் காலம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 1941 டிசம்பர் 19ல் ஜப்பானியர்கள் பினாங்குக்குள் வந்தார்கள். மலாயா அப்போது சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியில் இருந்து வந்தது. பர்மா அரிசி வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மரவள்ளிக்கிழங்கும் சக்கரவள்ளிக்கிழங்கும்தான் சாப்பாடு. மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு, பி1 மிகவும் குறைவு. அப்போது பெரிபெரி எல்லா இனத்துக்கும் வந்தது, நமக்கும் சேர்த்து. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலரா, மலேரியா, பெரிபெரி, பட்டினி என்று அங்கேயே போய்விட்டார்கள். உடம்பு அதே உடம்புதான், தட்டில் சோறுதான் மாறியது. அந்தக் காலத்தைப் பார்த்த நம்ம வீட்டுப் பெரியவர்கள் கடைசி வரை மரவள்ளிக்கிழங்கைத் தொடமாட்டார்கள், ஒரு பருக்கைச் சோறு கீழே விழுந்தாலும் எடுத்து வைப்பார்கள். எங்களுக்கு அப்போது அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது.

நடுவில் ஒரு சின்ன சந்தோஷச் செய்தி. நாம் இப்போது வாங்கும் பொன்னி அரிசி முழுக்க இந்தியாவுடையது என்று நினைக்கிறோம். அதன் வம்சத்தில் ஒரு பக்கம் தைவானின் தைச்சுங் 65, இன்னொரு பக்கம் மயாங் எபோஸ் என்ற நம்ம நாட்டு நெல். அதே கலப்பில் வந்த மசூரி, நம்ம செபராங் பிறை பும்போங் லீமா ஆய்வு நிலையத்தில் தேர்ந்தெடுத்து 1965ல் வெளியிட்டது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1986ல் வெள்ளைப் பொன்னியைக் கொடுத்தது. ஆக, இங்கிருந்து போன பிள்ளை மூட்டையில் திரும்பி வந்திருக்கிறது.

இனி இன்றைய விஷயம். பெரிபெரிக்குப் பயந்து யாரும் இன்று புழுங்கல் சாப்பிட வேண்டியதில்லை. பருப்பு, பயறு, முட்டை, ரொட்டி என்று பி1 பல வழியில் வருகிறது. இன்றைக்கு நம்மைத் தின்பது இனிப்பு நீர். 2019 சுகாதார அமைச்சின் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களுக்குத்தான் அதிகம். புழுங்கல் சோறு பொதுவாக வெள்ளைச் சோற்றைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சர்க்கரையை ஏற்றும். ஆனால் "பொன்னிதானே" என்று மலை மாதிரி குவித்துச் சாப்பிட்டால் அது எதற்கும் உதவாது. இதை வாட்ஸ்ஆப்பில் மருந்து என்று சொல்லி அனுப்புகிறவர்களை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். நம்ம பந்தியில் சோற்றைவிடச் சாம்பாரில் பருப்பும் காயும் கூடினால் நல்லது. தைப்பூசத் தண்ணீர் பந்தலில் கெட்டிப் பாலும் சிவப்புச் சிரப்பும் ஊற்றுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம், சண்டை வரும்.

சமையல் தொண்டர்களுக்கு இரண்டு வார்த்தை. பி1 தண்ணீரில் கரையும். ஆகவே அரிசியை நாலு தடவை, ஐந்து தடவை கசக்கிக் கழுவாதீர்கள், இரண்டு தடவை போதும். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் போட்டு ஒரு வாளியில் வைத்தால் வயசானவர்கள் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள், போன மாதம் பார்த்தோம். வாடை வருகிறது என்று சொல்லும் பிள்ளைகளுக்கு முழுப் புழுங்கலாகப் போடாமல் பாதிக்குப் பாதி கலந்து போட்டுப் பார்க்கலாம். ஆனால் புழுங்கல் வேக நேரம் அதிகம், ஒரே அண்டாவில் போடக் கூடாது, தனித்தனியாக வடித்துப் பிறகு கலக்க வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை அப்படித்தான் செய்யப் போகிறோம். சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று சமையலறைப் பக்கம் வந்து சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. புழுங்கல் மூட்டை உபயம் செய்ய விரும்புகிறவர்கள் புதன்கிழமைக்குள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். காய் நறுக்க ஆள் குறைவாக இருக்கிறது, காலை 7 மணிக்கு வந்தால் போதும். கத்தி நாங்கள் கொடுப்போம்.