ஏம்ஸ் ஊர் கோதாவும் கெவின் ஜாக்சனும்

கறுப்பன் கோதாவில் இறங்கலாம், மெடல் வாங்கித் தரலாம். விசிலைக் கையில் எடுத்து வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக நிற்பதுதான் லேசில் வாய்ப்பதில்லை. கெவின் ஜாக்சனைப் பற்றி எழுதணும்னு எனக்குப் பட்டதும் அதனால்தான். 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் கறுப்பர்களைப் பார்த்துத் தங்களுக்குச் சிறுத்தைகள் என்று பேர் வைத்தபோதே, அவர்கள் வரலாறு நமக்கும் பாடமாகிவிட்டது.

ஏம்ஸ், அயோவா மாநிலத்தில் சோளக்காட்டு நடுவே இருக்கும் ஊர். அங்கேயுள்ள அயோவா ஸ்டேட் கல்லூரியில் 1891இல் முதல் கறுப்பு மாணவராகச் சேர்ந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அதற்கு முன் இன்னொரு கல்லூரி, அவர் நிறத்தைக் கண்டதும் வாசலோடு திருப்பி அனுப்பியது. அடுத்து ஜாக் ட்ரைஸ், கல்லூரியின் முதல் கறுப்பு விளையாட்டு வீரர். 1923 அக்டோபரில் மின்னசோட்டாவோடு நடந்த ஃபுட்பால் ஆட்டத்தில் மிதிபட்டு, இரண்டே நாளில் செத்துப்போனார். ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி, தன் இனத்தின் மானம் தன் கையில் இருப்பதாக எழுதிவைத்த பிள்ளை அவர். மைதானம் முழுசுக்கும் அவர் பேரை வைக்க 1997 வரை ஆனது. எழுபத்துநாலு வருஷம்!

ஜாக்சன் இங்கே வந்தது விரும்பியல்ல. அவர் முதலில் சேர்ந்த லூசியானா ஸ்டேட், 1985இல் மல்யுத்த அணியையே கலைத்துவிட்டது. நடுத்தெருவில் நின்றவரை ஏம்ஸ் சேர்த்துக்கொண்டது. 1987 தேசியப் போட்டியில் 167 பவுண்டு பிரிவில் இறுதிவரை போய்த் தோற்றார். ஆனால் அணி பட்டம் வென்றது. பக்கத்து அயோவா பல்கலைக்கழகம் தொடர்ந்து ஒன்பது வருஷம் கட்டியாண்ட பட்டம் அது.

1991இல் உலகச் சாம்பியன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 82 கிலோ தங்கம். இறுதியில் ஜப்ராயிலோவை 1-0 என்று ஒரே புள்ளியில் வென்றார். அந்த அமெரிக்க அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் பாபி டக்ளஸ், அவரும் கறுப்பர். டக்ளஸ் அதே 1992இல் ஏம்ஸ் வாத்தியாராகி 2006 வரை இருந்தார். 2009இல் ஜாக்சன். நடுவில் மூணு வருஷம் தவிர்த்தால், இருபத்தைந்து வருஷத்தில் இருபத்திரண்டு வருஷம் அந்த வெள்ளை ஊரின் கோதாவுக்குக் கறுப்பர்தான் ஆசான். மல்யுத்தத்தில் தொடாமல் முடியுமா? கழுத்தைப் பிடித்து, காலை வாரிக் கத்துக்கொடுக்கிற வேலை அது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் ஜாக்சன் கைக்கு வந்த வீடு காலியாகிக்கொண்டிருந்தது. முந்தைய வாத்தியார் கேல் சாண்டர்சன், 159 பந்தயத்தில் ஒன்றுகூடத் தோற்காத ஏம்ஸ் மாணவர், பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். இங்கே வரவிருந்த டேவிட் டெய்லரும் அவர் பின்னாலேயே போனார். பிற்பாடு ஒலிம்பிக் தங்கமே வாங்கினார். அப்படியும் 2010இல் அணி தேசிய அளவில் மூன்றாவது இடம். ஜேக் வார்னர், டேவிட் ஜப்ரிஸ்கி என இரண்டு பட்டங்கள். அதற்குப் பிறகு சரிவு. தோற்றதைத் தோற்றதாகவே எழுதுவோம். பென் ஸ்டேட் பட்டம்மேல் பட்டம் குவித்தபோது ஏம்ஸ் கீழே போனது. 2017இல் ஜாக்சன் விலகினார். கெவின் ட்ரெசர் வந்தார். வந்த நாளில் எவ்வளவு இருந்தது என்பதை வெற்றிக் கணக்குப் பார்க்கிறவர்கள் எங்கே கேட்கிறார்கள்!

அந்த எட்டு வருஷத்தில் நான் எடுத்துவைத்துக்கொள்வது 2015 மார்ச், செயிண்ட் லூயிஸ். ஜாக்சனின் மாணவன் கைவன் கேட்சன், கறுப்புப் பையன். அப்பா வில்லியும் ஏம்ஸ் பயில்வான்தான். 2013இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. 197 பவுண்டு இறுதியில் எதிரே ஒஹாயோ ஸ்டேட்டின் கைல் ஸ்னைடர். அந்த வருஷமே உலகச் சாம்பியனாகப் போகிறவர். கேட்சன் அவரை மல்லாத்தி, இரண்டு தோளையும் விரிப்பில் ஒட்டவைத்தார்.