ஞாயிற்றுக்கிழமைக்கு வயசு என்ன?

சனிக்கிழமை ராத்திரி உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நான் சொல்லட்டுமா? 'நாளைக்கு என்ன ப்ரோகிராம்?' என்று ஆரம்பித்து வைப்பது பெரும்பாலும் குழந்தைகள். கறியா, கோழியா என்று ஒரு சின்ன பட்டிமன்றம். மேட்னியா, ஈவினிங் ஷோவா என்று இன்னொன்று. 'மிக்ஸி ஜார் ரெண்டு வாரமா ஒழுகுது, அப்படியே தி.நகர் போயிட்டு வந்துடலாம்' என்று அம்மா நைஸாக ஒரு தீர்மானத்தை நுழைப்பார். மத்தியானத் தூக்கம் மட்டும் அப்பாவின் தனி அஜெண்டா. அதில் யாரும் கை வைக்க முடியாது!

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்குக் கொடுத்தது யார்?

'வெள்ளைக்காரன்தான் சார். அவன் சர்ச்சுக்குப் போகணும், அதனால லீவு விட்டான்' என்பீர்கள். பாதி சரி. கோர்ட்டும் கச்சேரியும் ஞாயிறன்று கதவைச் சாத்தியது அப்படித்தான். ஆனால் அது கோட்டுப் போட்டவர்களுக்கும் அவர்களிடம் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கும் கிடைத்த சலுகை. உடம்பை வைத்துப் பிழைத்தவர்களுக்கு அதில் பங்கு கிடையாது.

நம்மூரில் அதற்கு முன்னால் லீவே இல்லையா என்றால், இருந்தது. அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். கொத்தனாரும் ஆசாரியும் அன்று கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள். முடி திருத்துகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை. ஆனால் கவனியுங்கள், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு நாள். எல்லோரும் சேர்ந்தாற்போல வேலையை விட்டுவிட்டு உட்காருவது ஊர்த் திருவிழாவில்தான். வாராவாரம் எல்லோருக்கும் ஒரே நாள் என்கிற ஏற்பாடு வேறு இடத்திலிருந்து வந்தது. பம்பாயிலிருந்து!

1850-களில் பம்பாயில் பஞ்சாலைகள் முளைக்க ஆரம்பித்தன. மின்சார விளக்கு வராத காலம். ஆகவே சூரியன்தான் டைம்கீப்பர். வெளிச்சம் வந்தால் மில் ஓடும், இருட்டினால் நிற்கும். பம்பாயில் டிசம்பர் மாதப் பகல் சுமார் பதினோரு மணி நேரம், ஜூன் மாதப் பகல் பதிமூன்று மணி நேரத்துக்கும் மேல். அதுதான் ஷிஃப்ட்! பண்டிகைக்கு லீவு உண்டு. வார லீவு என்று நிச்சயமாக ஒன்று கிடையாது. மில் ஓடாத நாளிலும் மெஷினைத் துடைக்கக் கூப்பிடுவார்கள்.

இந்த இடத்தில் வருகிறார் நாராயண் மேகாஜி லோகாண்டே. 1848-ல் தாணேவில் பிறந்தவர். ஜோதிராவ் பூலேயின் சத்யசோதக் சமாஜத்துக்காரர். மில் ஒன்றில் ஸ்டோர்கீப்பராக வேலை பார்த்தவர். அதாவது, உள்ளே நடப்பதையெல்லாம் கண்ணால் பார்த்தவர். அப்புறம் 'தீனபந்து' என்ற மராத்திப் பத்திரிகையை எடுத்து நடத்தினார். 1884 செப்டம்பரில் மில் தொழிலாளர்களைக் கூட்டி ஒரு மனு தயாரித்தார். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் சுமார் 5,500 பேர்.

என்ன கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை முழு லீவு. மத்தியானம் அரை மணி நேரம் ஓய்வு. காலை ஆறரைக்கு மில் ஆரம்பித்து சூரிய அஸ்தமனத்தோடு முடியவேண்டும். ஒரு மாசச் சம்பளத்தை அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ளாவது கொடுக்கவேண்டும். வேலையில் அடிபட்டால் உதவித்தொகை. நான் காமர்ஸ் படித்தவன், சம்பளப் பட்டியல் என்றால் கண் அங்கே போய் நின்றுவிடும். அடுத்த மாசம் 15-ம் தேதி என்பதையே ஒரு கோரிக்கையாக வைக்கவேண்டியிருந்தது என்றால், அதற்குமுன் எப்போது கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

மனு போனது, கமிஷன் உட்கார்ந்தது, ஒன்றும் நடக்கவில்லை. லோகாண்டே விடவில்லை. 1890 ஏப்ரலில் பம்பாயில் பெரிய கூட்டம் ஒன்றைக் கூட்டினார். சுமார் பத்தாயிரம் தொழிலாளர்கள். அதில் இரண்டு பெண் தொழிலாளர்கள் மேடையேறிப் பேசினார்கள். 1890-ல்! அந்த ஆண்டு ஜூன் 10-ம் தேதி மில் முதலாளிகள் சங்கம் இறங்கிவந்து ஞாயிறு லீவுக்குச் சம்மதித்தது. மறுவருஷம், 1891-ல், பேக்டரி சட்டமே வார ஓய்வை எழுத்தில் வைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியத் தொழிலாளிக்கு ஓய்வு கொடு என்று லண்டனில் மும்முரமாகக் குரல் கொடுத்தவர்களில் லங்காஷயர் மில் முதலாளிகளும் இருந்தார்கள். கருணை என்று நினைத்துவிடாதீர்கள். பம்பாய்த் துணி போட்டி போடுகிறது, அதன் செலவு ஏறட்டுமே என்கிற நல்லெண்ணம்! அதனாலேயே இங்கிருந்த தேசியப் பத்திரிகைகள் பல, 'இது நம் தொழிலை நசுக்கும் சதி' என்று சட்டத்தை எதிர்த்தன. முதலாளி யார் பக்கம், தேசபக்தர் யார் பக்கம் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் தலை சுற்றும். நடுவில் நின்ற மில் தொழிலாளிக்கு மட்டும் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. லோகாண்டே 1897-ல், பம்பாயை பிளேக் ஆட்டிப்படைத்தபோது, செத்துப்போனார். 2005-ல் அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டார்கள்.

லீவு வந்தாயிற்று. ஷாப்பிங் எப்போது வந்தது? இதற்கு அமெரிக்காவில் ஒருவர் கணக்குப் போட்டார். ஹென்றி ஃபோர்டு. 1926-ல் தன் கார் தொழிற்சாலைகளில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு என்று அறிவித்தார். ஓய்வு நேரம் இருப்பவன்தான் பொருள் வாங்குவான், ஊர் சுற்ற கார் வாங்குவான் என்பது அவர் கட்சி. ஒரு நாளைக் கொடுத்துவிட்டு ஒரு மார்க்கெட்டைப் பிடித்த மனுஷன்! நம் மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வர 1985 ஆனது. வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை லீவு என்றானது 2015-ல்.

சினிமாவும் ஞாயிற்றுக்கிழமையும் எப்படி ஒட்டிக்கொண்டன என்று நாற்பது தாண்டியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் வந்தது. ஞாயிறு சாயங்காலம் படம் போட்டால், டி.வி. இருக்கிற வீட்டில் தெருவே உட்கார்ந்திருக்கும். 1987 ஜனவரி 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 'ராமாயண்' ஆரம்பித்தது. ஒரு வார்த்தை இந்தி தெரியாத பாட்டிகள்கூட அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள் என்பதுதான் இதற்கெல்லாம் முதலீடு.

'ஒரே நேரத்தில்' என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதை உடைத்துப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. 1929-ல் சோவியத் ரஷ்யாவில் ஸ்டாலின் அரசு, மெஷின்கள் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது என்று முடிவெடுத்தது. வாரத்தை ஐந்து நாளாக்கினார்கள். தொழிலாளர்களை ஐந்து நிறமாகப் பிரித்தார்கள். மஞ்சளுக்கு ஒரு நாள் லீவு, சிவப்புக்கு வேறொரு நாள், பச்சைக்கு இன்னொரு நாள். கணக்குப்படி பார்த்தால் தொழிலாளிக்கு லாபம்! ஏழு நாளைக்கு ஒரு லீவு போய், ஐந்து நாளைக்கு ஒரு லீவு. ஆனால் புருஷன் மஞ்சள், பெண்டாட்டி பச்சை என்றால்? பிள்ளையின் பள்ளிக்கூடம் வேறு நிறமென்றால்? தனியாக வீட்டில் உட்கார்ந்திருப்பது ஒரு லீவா என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். மெஷின்களும் பராமரிப்பில்லாமல் பழுதாயின. 1931-ல் நிறம் பிரிப்பதைக் கைவிட்டு, ஆறு நாளுக்கு ஒரு பொது லீவு என்று மாற்றினார்கள். பழைய ஞாயிற்றுக்கிழமை திரும்பிவந்தது 1940-ல்.

நம் ஊருக்கு வருவோம். 1947-ம் வருஷத்துச் சட்டப்படி இங்கே ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுக்க மூடியிருக்கவேண்டும். 2019-ல் தமிழக அரசு, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள் வருஷம் 365 நாளும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று உத்தரவு போட்டது. ஊழியருக்கு வாரம் ஒரு நாள் லீவு உண்டு, முறைபோட்டு. 2021-ல் இன்னொரு திருத்தம்: கடையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாகவேண்டும். நல்ல சட்டம். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-ல் வந்தது. அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டு, அதே தெருவுக்குப் புடவை எடுக்கப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர்.

2025 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர், ஊழியர்களை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரவைக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வாரம் 90 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். நாடே கிண்டலடித்தது. நான் கால்குலேட்டரை எடுத்தேன். தொண்ணூறை ஏழால் வகுத்தால், நாளைக்குப் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். கிட்டத்தட்ட பம்பாய் மில்லின் ஜூன் மாத ஷிஃப்ட். அதுவும் லீவே இல்லாமல்!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். என் மனைவி பத்தொன்பதாவது புடவையைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது. அதன்மேல் புடவைகள் அடுக்கியிருந்தன. புடவை எடுத்துப் போட்ட அம்மாவுக்கு நாற்பது வயசிருக்கும். 'உங்களுக்கு வார லீவு உண்டாம்மா?' என்று கேட்டேன்.

'உண்டு சார். புதன்கிழமை.'

'அன்னிக்கு என்ன செய்வீங்க?'

'துணி துவைப்பேன். புதன்கிழமை வீட்ல யாரு சார் இருக்காங்க? புள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடும், அவரு வேலைக்குப் போயிடுவாரு' என்று சொல்லிக்கொண்டே, இருபதாவது புடவையைப் பிரித்தார்.