துறைமுகத்துச் சிரிப்பு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோட்டையிலும் கொடிமரத்திலுமே கண்வைத்தனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்னும் வரிசை நமக்கு மனப்பாடம். 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய துறைமுகம், 1942 ஏப்ரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 1957 ஒக்டோபர் 15 இல் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இவையெல்லாம் ஏட்டில் உள்ளன. ஆனால் டொக்யார்டில் பகலெல்லாம் இரும்போடு மல்லாடியவர்கள் மாலையில் எதைக் கேட்டுச் சிரித்தனர் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. இவ்வூரின் பெயரைத் தாங்கி 1817 இல் பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட போர்க்கப்பலொன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையிற் பேணப்பட்டு நிற்கின்றது. அந்தப் பேறு துறைமுகத் தொழிலாளரின் வாய்மொழிக்குக் கிட்டவில்லை.

ஆங்கிலேயர் தம் துறைமுகத் தொழிலாளரை எவ்வாறு பதிவு செய்தனர் என்பதை ஒருகணம் நோக்குவோம். லண்டனின் கீழைப்பகுதியில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ஜோனி ஸ்பைற் என்பவர், பி.பி.சி. தொலைக்காட்சிக்காக 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்னும் நகைச்சுவைத் தொடரை எழுதினார். 1965 இல் வெள்ளோட்டமாக ஒரு பகுதி வந்தது. 1966 இல் தொடர் முறையாகத் தொடங்கிற்று. கதை நிகழ்வது வாப்பிங் என்னும் துறைமுகக் குடியிருப்பில். வோரன் மிச்செல் நடித்த அல்ஃப் கார்னெற் ஓர் ஏழைத் தொழிலாளி; ஆயினும் அரசியாரின் பக்தன், பழைமைக் கட்சியின் அடியான், வேற்று நிறத்தார் அனைவரையும் தூற்றுபவன். லிவர்பூலிலிருந்து வந்த இடதுசாரி மருமகனோடு ஓயாமற் சண்டையிடுவதே அவன் தொழில். திருகோணமலையில் ஆங்கிலக் கொடி இறங்கி ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின், போன பேரரசுக்காக ஒப்பாரி வைத்தவன் ஆளுநர் எவருமல்லர், அந்தப் பேரரசினால் ஒரு குளியலறையைக்கூடப் பெறாத இவனே என்பது மனங்கொளத்தக்கது.

1967 இல் ஒளிபரப்பான ஒரு பகுதி இத்தொடரின் இயல்பைத் தெளிவாகக் காட்டும். தொலைக்காட்சியின் ஒழுக்கக்கேட்டை எதிர்த்து இயக்கம் நடத்திய மேரி வைற்ஹவுஸ் அம்மையார் இத்தொடரையும் கடுமையாகச் சாடியவர். ஸ்பைற் அதற்கு மறுப்புரை எழுதவில்லை. அம்மையாரின் நூலை அல்ஃப் கையிலே கொடுத்துவிட்டார். அல்ஃப் அதனை வாசித்து மெச்சுகின்றான்! அவன் மெச்சுவதே அந்நூலுக்குப் போதிய கண்டனமாயிற்று. தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்கள் நான்கெனக் கூறி, எள்ளலை அவற்றுள் முதலிற் கூறுவர். ஆனால் எள்ளலில் ஓர் இடரும் உண்டு. அல்ஃபைப் பார்த்து நாடு சிரிக்கவேண்டும் என எழுதினார் ஸ்பைற். அல்ஃபோடு சேர்ந்து பிறரைப் பார்த்துச் சிரித்தவர்களும் பலராயிருந்தனர்.

இவ்விடரை நினைவிற்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம். எழுபதுகளில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் நகைச்சுவைத் தொடர் ஒலித்தது. எஸ். ராம்தாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், பி. எச். அப்துல் ஹமீட் ஐயராகவும், உபாலி எஸ். செல்வசேகரன் உபாலியாகவும் குரல் கொடுத்தனர். மரிக்கார் பேசியது முஸ்லிம் தமிழ். அப்புக்குட்டி பேசியது யாழ்ப்பாணத் தமிழ். ஐயருக்குப் பிராமணத் தமிழ். உபாலிக்குச் சிங்களவர் நாவிற் புரளும் உடைந்த தமிழ். 1976 இல் 'கோமாளிகள்' என்னும் பெயரில் அது திரைப்படமாகவும் வந்தது. தூய தமிழே நாடகத் தமிழ் என நம்பிய பண்டிதர் சிலருக்கு இது உவப்பாயிருந்திராது. எனினும் இந்நாட்டுத் தமிழ் ஒன்றல்ல, பல என்பதை இத்தொடர் உரைத்த அளவுக்கு நம் இலக்கணப் பாடங்கள் உரைத்தனவா என்பது ஐயமே.

பிற ஊர்களில் இந்நான்கு குரல்களும் கற்பனையிலே கூடியவை. திருகோணமலையில் அவை தெருவிலே கூடியவை. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, மாவட்டத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒவ்வொருவரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். மூதூர், கிண்ணியாப் பக்கத்துப் பேச்சும், கோணேசர் கோயிற் குருக்களின் பேச்சும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞரின் பேச்சும், மீன்வாடிச் சிங்களவரின் தமிழும் ஒரே சந்தையில் விலை பேசின. வானொலியில் உபாலி வாய் திறக்கையில், இவ்வூரார்க்கு அது கேலிச்சித்திரமன்று; பக்கத்து வீட்டுக்காரன் குரல்.

உபாலியின் தமிழைக் கேட்டுச் சிரித்தது எள்ளலன்றோ என வினவலாம். ஓரளவுக்கு ஆம். ஆனால் அத்தொடரில் தப்பியவர் எவருமிலர்; அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழும் அதே தராசில் நிறுக்கப்பட்டது. அன்றியும், அக்காலத்தில் பிழைபட்ட மொழிக்கு இருவகை விலை இருந்ததை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. உபாலியின் பிழைத்தமிழுக்கு விலை சிரிப்பு. 1956 ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தின் பின், தமிழ் எழுதுவினைஞனின் போதாச் சிங்களத்துக்கு விலை சம்பளம். சிங்களத் தேர்ச்சி பெறாமையால் 1962 இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்னும் அரசாங்க ஊழியர் வழக்குத் தொடுத்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது; 1967 இல் உயர்நீதிமன்றம் அதனை மாற்றிற்று. அல்ஃப் கார்னெற் தொலைக்காட்சியிற் கூச்சலிட்ட அதே லண்டனில், 1969 இல் கோமறைக் கழகம் சம்பளத்துக்காக அரசாங்க ஊழியர் வழக்காட முடியுமெனத் தீர்த்து, சட்டம் செல்லுமா என்ற வினாவை இலங்கைக்கே திருப்பி அனுப்பிற்று. அவ்வினாவுக்கு விடை வருமுன் 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. ஆக, நால்வரும் ஒரே மேசையிலிருந்து ஒருவர் மொழியை ஒருவர் கேலிசெய்து பின் சேர்ந்து சிரிக்கும் உலகு, வானொலிப் பெட்டிக்குள் மட்டுமே அன்று இயல்வதாயிற்று.

பின்னர் அதுவும் இயலாதாயிற்று. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டபோது இந்நாட்டுத் திரைப்படச் சுருள்கள் பல சாம்பலாயின. அவ்வாண்டிலே திருகோணமலை வீதிகளிலும் தீ மூண்டது. லண்டனில் தீ வேண்டியிருக்கவில்லை. நாடாக்களை மீளப் பயன்படுத்தும் சிக்கனத்தினாலேயே பி.பி.சி. அல்ஃப் கார்னெற்றின் பல பகுதிகளை அழித்துவிட்டது. ஆயினும் அங்கே எவை எவை அழிந்தன என்பதற்குப் பட்டியல் உண்டு. வீடுகளிற் பதிந்து வைத்தவற்றைத் தேடி மீட்போரும் உளர்.

நமக்கு எஞ்சியிருப்பவர்கள் அத்தொடரை அன்று செவிமடுத்த முதியோரே. துறைமுகத்தை அண்டிய தேநீர்க் கடைகளில் அவர்கள் இன்னும் அமர்கின்றனர். மரிக்காரையும் அப்புக்குட்டியையும் பற்றிக் கேட்டால், அவர்கள் கதையைச் சொல்வதில்லை. குரலை மாற்றிக்கொண்டு பேசிக் காட்டுகின்றனர்.