மருந்துத் துண்டும் மக்களும்

வத்தளையில் நீர்கொழும்பு வீதியோரத்து மருந்துக்கடை ஒன்றின் முன்னே மாலை வேளையிற் சற்று நின்று பார்ப்போமாயின், ஒரு காட்சியைக் காணலாம். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்குமாறு எழுதிக் கொடுத்த துண்டுடன் ஒரு தாய் நிற்கிறாள். கடைக்காரர் அதனைக் கண்ணருகே கொண்டு போகிறார். பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுகிறார். இருவருங் கூடி ஒரு முடிவுக்கு வருகின்றனர். அந்த ஊகத்தின்மீதே ஓர் உயிர் தங்கியிருக்கிறது. டாக்டரின் கையெழுத்தைச் சொல்லிச் சிரிப்பது நம்மிடையே பழைய வழக்கம். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமன்று.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருதய நோயாளி ஒருவருக்கு இசோர்டில் என்னும் மருந்து எழுதப்பட்டது. மருந்தாளர் அதனைப் பிளெண்டில் என வாசித்தார். கொடுக்கப்பட்ட அளவோ பிளெண்டிலின் உச்ச அளவைப் போல் எட்டு மடங்கு. நோயாளி இறந்தார். எழுதியவரும் கொடுத்தவரும் ஒருங்கே பொறுப்பாளிகள் என 1999இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

இங்கே குற்றம் கோணல் எழுத்தினது மட்டுந்தானா? இசோர்டில், பிளெண்டில் ஆகிய இரண்டும் கம்பெனிகள் இட்ட வணிகப் பெயர்கள். வயிற்றுப் புண்ணுக்கான லோசெக், உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் லேசிக்ஸுடன் மயங்கியதாலேயே 1990இல் அமெரிக்காவில் அதன் பெயரை மாற்ற நேர்ந்தது. ஒரே மருந்துக்குப் பத்துப் பெயர். பத்து மருந்துக்கு ஒத்த ஓசை. இக்காட்டிலே அவசர எழுத்து எவ்வாறு வழி காட்டும்?

இக்காட்டை வெட்டித் திருத்த முனைந்தவர் நம் நாட்டவரே. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான சேனக பிபிலேயும், மருத்துவரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். தனியார் துறையில் வழங்கிய சுமார் 2,100 மருந்துகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. பொதுப் பெயர்கள் முன்னுக்கு வந்தன. ஏழைக்கு எட்டும் விலையே முதல் நோக்கம். எனினும், பெயர்கள் குறையுமிடத்துப் பிழைக்கும் இடம் குறையும் என்பதில் ஐயமில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அம்முயற்சி தளர்ந்தது. அவ்வாண்டே பிபிலே கயானாவிற் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான்!

பெயர் தெளிந்தாற் போதுமா? நோயாளிக்கும் அது விளங்க வேண்டாமா? அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1864 முதல் மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழாக்குவித்தார். மதப்பணி அவர் நோக்கமாயிருக்கலாம்; ஆயினும் மக்கள் மொழியிலே மருத்துவம் பேச முடியும் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. அப்படியிருந்தும், மாத்திரை உறையிலே குறித்த இரண்டு வரியைப் பிறரைக் கேட்டு அறியவேண்டிய தமிழ்த் தாய்மார் வத்தளையிலும் உளர்.

டாக்டர்களை மட்டும் பழிப்பது நியாயமாகாது. வாசலைத் தாண்டி வரிசை நீளும் வெளிநோயாளர் பிரிவிலே, ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்கக்கூடிய நிலையில் எவர் கைதான் ஓடாது? ஆளும் வசதியும் பெருகாமல் எழுத்து மட்டுந் திருந்திவிடாது. எனினும் விதியும் வேண்டும். மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாகவும், இயன்றவரை பெரிய எழுத்திலும் எழுதவேண்டும் என இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதித்தது.

மருந்துத் துண்டு டாக்டரும் கடைக்காரரும் தமக்குள் பரிமாறும் இரகசியமன்று. அது நோயாளியின் உடலைப் பற்றிய ஆவணம். அவருக்கே முதல் உரிமையுடையது. ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்க நாம் கூசவேண்டியதில்லை. பிபிலே தொடங்கிய பணியின் மிச்சம் அந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது.